நாலு சாட்சியை நான் ஒன்றாக்கிய வருடம்

என்னோடு எட்டாம் வகுப்பு படித்தவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். ஜன்னல் கண்ணாடி ஒரு தடவை அதிர்ந்தது. கணக்கு சார் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. வகுப்பே எழுந்து நின்றது. எந்தத் திசை, எந்தக் கம்பெனி, எந்த ரூம், யாருடைய அம்மா. இந்தக் கேள்விகளை இந்த வரிசையில் கேட்க நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

நான் சொல்ல வந்தது அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் இல்லை. அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் எங்கள் தெருவில் ரெண்டு வழக்கு நடந்தது. ஒன்று, பைபிள் மேல் எங்கப்பா போட்டது. இன்னொன்று, பக்கத்து வீட்டு அத்தை மேல் கம்பெனி போட்டது. முதல் வழக்கில் நான் பைபிளுக்கு வக்கீல். ரெண்டாவதில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதை இத்தனை வருசத்தில் யாரிடமும் சொன்னதில்லை. முப்பதைத் தாண்டிவிட்டோம், இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

அப்பா பட்டாசுக் கம்பெனி வேன் டிரைவர். காலையில் எம். புதுப்பட்டி வரைக்கும் ஊர் ஊராக நின்று வேலைக்காரப் பெண்களை ஏற்றிப் போவார், சாயந்திரம் அலுமினியத் தூள் மினுங்குகிற கைகளோடு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். நடுவில் முழுப் பகலும் கம்பெனி கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் சும்மா இருக்க வேண்டும். அங்கே கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பார். பொட்டலம் கட்டின பேப்பர், எடைக்குப் போட்ட வார இதழ், வேனில் யாரோ விட்டுப்போன ஜோசியப் புத்தகம், கடைசியில் அம்மாவின் பைபிள்.

அம்மா கல்யாணமாகி வரும்போதே அந்தப் பைபிளோடு வந்தவள். அப்பா வீட்டில் எல்லாரும் வருசத்துக்கொரு முறை இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடப்பவர்கள். அப்பா மட்டும் அங்கேயும் போக மாட்டார், இங்கேயும் வர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் என்னையும் கோயில் கேட்டில் இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிறவரைக்கும் வெளியே நின்று பீடி குடிப்பார்.

லெந்து தொடங்கின முதல் ஞாயிறு, எங்கள் உபதேசியாரைக் கேட்டிலேயே பிடித்துக்கொண்டார். பாஸ்டர் மாசத்துக்கொரு தரம்தான் வருவார், மற்ற வாரமெல்லாம் உபதேசியார்தான் எங்களுக்கு எல்லாம்.

"ஐயா, ஒரு சந்தேகம். ஈஸ்டர் அன்னைக்கு அந்தக் கல்லறைல இருந்தது எத்தன தேவதூதன்?"

"ஏன் கேக்கீக?"

"மத்தேயு ஒண்ணுங்காரு. லூக்கா ரெண்டு ஆளுங்காரு. மாற்கு, வெள்ளைச் சட்ட போட்ட எளவட்டம் ஒருத்தருங்காரு. போன பொம்பளைகளையும் ஒருத்தரு ரெண்டுங்காரு, இன்னொருத்தரு மூணுங்காரு. யோவான் ஒருத்தி பேரத்தான் சொல்லுதாரு. அதுவும் இருட்டோட போனாளாம். மாற்கு பாத்தா சூரியன் வந்துருச்சுங்காரு. இதுல எத நம்பட்டும்?"

உபதேசியார் முகம் சிவந்துவிட்டது. "வேதத்துல முரண்பாடே கெடையாது. குத்தம் கண்டுபிடிக்கணும்னு படிச்சா அப்பிடித்தான் தெரியும்."

"தெரியுததத்தான ஐயா கேக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. வேதாகமத் தேர்வில் வட்டாரத்திலேயே முதல் பரிசு வாங்கினவள் நான். ஒரு டிரைவர் கேட்கிற கேள்விக்குப் பதில் இல்லாமல் போய்விடுமா? ஈஸ்டருக்குள் அப்பா வாயை அடைக்கிற மாதிரி ஒரு பதில் எழுதுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அடைத்துவிட்டால் அப்பா கோயில் கேட்டுக்கு உள்ளே வந்துவிடுவார் என்பது என் கணக்கு.

ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். அப்போது நம் எல்லார் நோட்டுக்கும் அட்டை எது? பிரஸ்ஸில் பாழாய்ப்போன வெடி லேபிள் தாள். என் நோட்டில் சிவப்பு மை நகர்ந்துபோய் லேபிள் கிளிக்கு ரெண்டு மூக்கு. பிரித்தால் மையும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை வரும். அந்த நோட்டில் ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டு, மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று தலைப்பு எழுதினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் சத்தம்.

அப்பாவின் கம்பெனிதான். வேப்பமரத்திலிருந்து அறுபதடி தள்ளியிருந்த ஒரு ரூமின் கூரை போய்விட்டது. சாவு இல்லை என்று கேட்டதும் தெரு மொத்தமும் மூச்சு விட்டது. அங்கே வேலை பார்த்த பக்கத்து வீட்டு அத்தைக்குத்தான் வலது கையும் காலும் வெந்துபோயிருந்தன. சிவகாசி பெரியாஸ்பத்திரியில் வாழையிலை விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன நாட்களில் எனக்குத் தலை பின்னிவிட்டவள். ரெட்டைச் சடையை இழுத்துப் பின்னினால் கண் ரெண்டும் மேலே ஏறிக்கொள்ளும். அந்தக் கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நான் ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகவேயில்லை.

ஒரு வாரத்தில் கம்பெனி சொன்ன காரணம் வெளியே வந்தது. அத்தை வெடிமருந்துப் பெட்டியைத் தூக்காமல் தரையோடு இழுத்தாளாம், உரசித் தீப்பிடித்ததாம். இதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு ரூமைக் கொளுத்தினவள் என்று பேர் விழுந்தால், சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே விடாது. புருசன் இல்லாத அத்தைக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை.

விசாரணைக்கு ஆபீசர் வருகிறார் என்றதும் போர்மேன் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு பேரைச் சாட்சியாகச் சேர்த்திருந்தார்கள். எங்கப்பா, கேட் வாட்ச்மேன், அடுத்த ரூமில் வேலை பார்த்த ஒரு பெரியம்மா, அப்புறம் எங்கள் தெருக் கடைசி வீட்டு அக்கா. நாலு பேரில் அந்த ரூமுக்குள்ளேயே இருந்தவள் இந்த அக்கா ஒருத்திதான். அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. ரூமில் இருந்த மற்றவர்கள் வெளியூர், அவர்களை அடுத்த நாளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

டைப் அடித்த தாளில் நாலு பேரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இப்போது ஆபீசர் வாயால் கேட்பார் என்பதால், போர்மேன் எங்கள் வீட்டு முன்கட்டில் நாலு பேரையும் பாயில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

"எங்க, சொல்லுங்க. 'பதினொண்ணேகாலுக்கு நாலு பேர் ரூமில் இருந்தார்கள்.'"

"நாலு பேர் ரூமுல இருந்தாக."

"இருந்தார்கள்னு சொல்லுங்க பெரியம்மா. ரூல்படி ரூமுக்கு நாலு பேருதான், கூடச் சொல்லிராதீங்க. எல்லாரும் ஒண்ணு மாரி சொல்லணும். ஒரு எழுத்து மாறுனாலும் ஆபீசரு கிண்டுவாரு. 'அவர் பெட்டியைத் தரையில் இழுத்தார்.' தள்ளுனான்னு சொல்லக்கூடாது, இழுத்தார்."

எங்கள் சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் சொல்லுகிற மாதிரியே இருந்தது. நான் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ரெண்டாவது சுற்றிலேயே எனக்கு முழுசும் பாடமாகிவிட்டது.

கடைசி வீட்டு அக்காவுக்கு மட்டும் வரவில்லை. "அவர் பெட்டியை" என்று தொடங்குவாள், அதோடு நின்றுவிடுவாள். மூன்று தடவை நின்றாள். நாலாவது தடவை நான் எடுத்துக்கொடுத்தேன்.

"தரையில் இழுத்தார்க்கா."

போர்மேன் திரும்பிப் பார்த்தார். "அடடா! பாப்பா கெட்டிக்காரியா இருக்கே. நீ தெனம் அக்காவுக்குச் சொல்லிக்குடு தாயி."

சொல்லிக்கொடுத்தேன். இதுதான் நான் யாரிடமும் சொல்லாதது. நாலு நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்து, கடைசி வீட்டுக்குப் போய், அந்த அக்கா தப்பில்லாமல் ஒப்பிக்கிறவரைக்கும் சொல்லிக்கொடுத்தேன். பாராட்டு என்றால் எனக்கு அப்போது அவ்வளவு பசி. அக்கா ஏன் அந்த ஒரு இடத்தில் மட்டும் திக்குகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரமே என் நோட்டும் முடிந்தது. நாலு கட்டத்தையும் அழித்துவிட்டு ஒரே கதையாக எழுதியிருந்தேன். இருட்டோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள், போய்ச்சேரும்போது சூரியன் வந்துவிட்டது. தூதர் ரெண்டு பேர், பேசியது ஒருவர் என்பதால் சிலர் ஒருவரை மட்டும் எழுதினார்கள். பெண்கள் எல்லாரும் சேர்ந்தே போனார்கள். ஒட்டாத இடங்களைச் சொல்லாமல் விட்டேன். பெண்கள் பயந்துபோய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று மாற்கு எழுதினதை விட்டேன். அவர்கள் வந்து சொன்னதைச் சீஷர்கள் வீண்பேச்சு என்று தள்ளினதாக லூக்கா எழுதினதையும் விட்டேன். அது சீஷர்களுக்குக் கேவலம் இல்லையா?

உபதேசியார் படித்துவிட்டு என் தலையில் கைவைத்தார். "இதத்தான் நான் அன்னைக்கு அந்தக் கேட்டுல சொல்லியிருக்கணும். ஈஸ்டர் ஆராதனைல நீயே வாசி." அந்த நல்ல மனுசருக்கும் எனக்கும் அன்றைக்கு ஒரே பயம்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நூலை இழுத்தால் மொத்தச் சேலையும் பிரிந்துவிடும் என்ற பயம்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், அதனாலேயே எதையும் மறக்க மாட்டாள்.

"நல்லாத்தான் எளுதியிருக்க. அந்தப் பொம்பளைக பயந்தாகளே, அது எங்க?"

"அது வேண்டாம்மா. ஒத்து வரல."

"ஒத்து வரலையா? எனக்கு அந்த எடந்தான் புள்ள உண்மையாத் தெரியும்." சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

குருத்தோலை ஞாயிறு மத்தியானம் அப்பா வேன் கழுவிக்கொண்டிருந்தார். ஓலைச் சிலுவையைச் சட்டையில் குத்தியபடியே போய் நின்று என் கதையைக் கணீரென்று வாசித்தேன். அப்பா ஈரத்துணியைப் பிழியாமல் கேட்டார். முடித்ததும், "இன்னொரு தடவ வாசி," என்றார். வாசித்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"நானா எழுதுனேன்ப்பா."

"போர்மேன் எளுதுன மாரி இருக்கு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா துணியை வாளியில் போட்டுவிட்டு வேன் படியில் உட்கார்ந்தார்.

"கோவிச்சுக்காத தாயி. ஒண்ணு சொல்லுதேன். இந்த ஊருல எத்தன வெடி விபத்து விசாரணைக்கு நான் சாட்சி ஆளக் கொண்டுபோயி எறக்கியிருக்கேன். நாலு பேரு ஒண்ணு மாரி சொன்னா, யாரோ உக்கார வச்சு சொல்லிக்குடுத்திருக்கான்னு அர்த்தம். இத இந்தப் பக்கத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். எங்க, அந்த நாலையும் நாலா வாசி. நீ எளுதுனத விடு."

அம்மாவின் பைபிளை எடுத்துவந்து அந்த நாலு இடத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். அப்பா அதுவரை பிழை தேடித்தான் படித்திருக்கிறார், யாரும் வாசித்துக் கேட்டதில்லை. பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இத எதுக்கு எளுதி வச்சான்? தன் கட்சிக்கு நல்லதுன்னா எளுதுனான்? கத கட்டுனவன் இப்பிடிக் கட்ட மாட்டான்."

"அப்ப எத்தன தூதருப்பா?"

"எனக்கென்ன தெரியும்? பாத்தவளுகளக் கேளு. ஒருத்திக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கும், ஒருத்திக்கு ரெண்டு." பீடியைப் பற்றவைக்காமல் விரலிடையில் உருட்டினார். பிறகு என்னிடமா, வேன் சக்கரத்திடமா என்று தெரியாத மாதிரி பேசினார். "நான் பாத்தது ஆறு பேரு. மொதல்ல நாலு பேரு ஓடியாந்தாக. பெறகு கடைசி வீட்டுப் புள்ள வந்து குப்புற விழுந்துச்சு. அவளப் பின்னால இருந்து தள்ளிவிட்டது அத்ததான். ரெண்டு கையும் அந்தப் புள்ள முதுகுல இருந்துச்சு. பெட்டியும் இல்ல, ஒரு எளவும் இல்ல. அப்பறந்தான் வெடிச்சது."

'அவர் பெட்டியை' என்று அக்கா நின்ற இடம் இதுதான்.

"அப்ப ஏம்ப்பா கையெழுத்துப் போட்டீக?"

அப்பா எழுந்து வாளியிலிருந்து துணியை எடுத்தார். மீதி வேனைக் கழுவினார். ஏற்கெனவே கழுவின பக்கத்தையும் திரும்பக் கழுவினார்.

புதன்கிழமை விசாரணை. தாலுகா ஆபீஸுக்குச் சாட்சிகளைக் கம்பெனி வேனிலேயே அப்பா ஓட்டிப்போனார். பரீட்சை லீவு. அக்காவுக்கு மறந்துபோனால் எடுத்துக்கொடுக்க என்று போர்மேனே என்னையும் ஏற்றிவிட்டார். அவர் பைக்கில் பின்னால் வந்தார். திருத்தங்கல் ரோட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அப்பா இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"நான் பாத்தத நான் சொல்லப் போறேன். நீங்க பாத்தத நீங்க சொல்லுங்க. ஒருத்தர ஒருத்தர் பாக்க வேண்டாம்."

"டிரைவரே, வேல போயிரும்," என்றார் வாட்ச்மேன்.

"போகும்."

"அம்புட்டுச் சாதாரணமாச் சொல்லுதீக?" என்றாள் பெரியம்மா.

அப்பா சிரித்தார். "சாதாரணம் இல்ல மதினி. காலைல இருந்து மூணு தடவ கொல்லைக்குப் போயிட்டு வந்துட்டேன்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசி வீட்டு அக்கா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபீசர் அறைக்கு வெளியே பெஞ்சு. ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. அப்பா ஆறு பேர் என்றார். பெரியம்மா அஞ்சு என்றாள், தள்ளிவிட்டதைப் பார்க்கவில்லை, ஆனால் வெயிலில் காய்ந்த வெடிச் சரக்கைச் சூடு ஆறாமல் உள்ளே அடுக்கச் சொல்லி போர்மேன் கத்தினது கேட்டது என்றாள். வாட்ச்மேன் ஆளை எண்ணவேயில்லை என்றார், வெடிச்சத்தம் ரெண்டு என்றார். அப்பா ஒன்றுதான் என்றிருந்தார்.

ஆபீசருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னய்யா இது? தாள்ல நாலு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்கீங்க. இப்ப ஆளுக்கொண்ணு சொல்றீங்க?"

"ஆளுக்கொரு எடத்துல நின்னோம் சார்," என்றார் அப்பா.

பிறகு ஆபீசர் கடைசி வீட்டு அக்காவைக் கூப்பிட்டார். அவள் எழுந்தபோது என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே போய், நான் கற்றுக்கொடுத்ததை, ஓர் எழுத்து பிசகாமல், ஒரே மூச்சில் ஒப்பித்தாள். தரையில் இழுத்தார்.

"உங்க நாலு பேர்ல ரூமுக்குள்ள இருந்தது இந்தப் பொண்ணு மட்டும்தான்," என்று ஆபீசர் சொன்னது கேட்டது. "இந்தப் பொண்ணு மாத்திச் சொன்னாத்தான் உங்க பேச்சுக்கு அர்த்தம். அடுத்த வாரம் ரிப்போர்ட் அனுப்பணும்."

வெளியே வந்ததும் போர்மேன் வேன் சாவிக்குக் கையை நீட்டினார். அப்பா கொடுத்தார். நாங்கள் பஸ்ஸில் ஊர் வந்தோம்.

சனிக்கிழமை உபதேசியாரிடம் போய், என் கதையை வாசிக்க மாட்டேன், நாலையும் நாலாகவே வாசிக்கிறேன் என்றேன். "ஜனங்க முன்னாடி வித்தியாசத்தக் காட்டுனா விசுவாசம் ஆடிப்போகும் தாயி," என்றார். "எங்கப்பாவுக்கு ஆடல ஐயா, இப்பத்தான் கொஞ்சம் நிக்குது," என்றேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நாலு இடத்திலும் அவரே காகிதத் துண்டு வைத்துக் கொடுத்தார்.

ஈஸ்டர் அன்றைக்குக் கோயில் குழாய் ஸ்பீக்கர் தெருக் கடைசி வரைக்கும் கேட்கும், தெரியும்தானே. நாலையும் வாசித்தேன். பெண்கள் சொன்னதை ஆண்கள் நம்பவில்லை என்ற இடத்தில் பெண்கள் பக்கம் சலசலத்தது. "அப்பவே இப்பிடித்தானா?" என்றாள் அம்மா, மைக் பக்கத்தில் இருப்பது தெரியாமல். ஊரே கேட்டது. உபதேசியாரும் சிரித்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். அப்பா கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரம் நின்றிருந்தார். அப்பா இன்றுவரை ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேள்விகளை உள்ளே உட்கார்ந்துதான் கேட்கிறார்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கடைசி வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். அம்மா உள்ளே கூப்பிட்டாள், வரவில்லை.

"நீ வாசிச்சதக் கேட்டேன்," என்றாள் என்னிடம். "அந்தப் பொம்பளைக பயந்து யார்ட்டயும் சொல்லலன்னு வாசிச்சியே. யார்ட்டயும் சொல்லலன்னா, ஊருக்கு எப்பிடித் தெரிஞ்சது?"

அப்பாதான் கை கழுவாமலே எழுந்து வந்தார்.

"பெறகு சொல்லியிருப்பாளுக தாயி."

"எப்ப? பயம் விட்ட பெறகா?"

"அது எங்க விடுது? எனக்கு இன்னும் விடல."

அக்கா சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "அண்ணே, நாளைக்கு அந்த ஆபீசு இருக்குமா?"

"இருக்கும். வேன்தான் இல்ல. ஏழரை பஸ்ஸுல போகணும்."

அத்தை பேர் அந்த ரிப்போர்ட்டில் குற்றவாளியாக வரவில்லை. தீபாவளி சீசனுக்கு வேறொரு கம்பெனியில் பெட்டி ஒட்டச் சேர்ந்தாள், ரெண்டு விரல் மடங்காவிட்டாலும். அப்பா மினிபஸ் ஓட்டப் போனார். இதெல்லாம் பின்னால் வந்தவை. எனக்கு மனசில் நிற்பது அந்த ஏழரை பஸ்தான். கூட்டம். அக்கா ஜன்னலோரம், நடுவில் நான், அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு. பஸ் புறப்பட்டதும் அக்கா என் பக்கம் குனிந்து, "எங்கன இருந்து ஆரம்பிக்கட்டும்? நீ சொல்லு," என்றாள்.

வாய்வரைக்கும் வந்துவிட்டது, முழு வாக்கியமாக, அழகாக. விழுங்கிக்கொண்டேன்.

"நீங்க எங்கன நின்னீகளோ அங்கன இருந்துக்கா," என்றேன்.